கலா தொட்டால் நிற்கும் மெஷின்

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசி வருடங்களில் என்னோடு வேலை பார்த்த கணேசன் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். இப்போது அவர் சர்வீஸ் மேனேஜர். பேச்சுவாக்கில், "இப்பல்லாம் மெஷின் ரெண்டு தடவ நின்னுச்சுன்னா ஆராய்ச்சியே கெடையாது சார். மொத்தமா அழிச்சிட்டு எல்லாத்தையும் புதுசா ஏத்திட்டுக் கெளம்பிடுறோம்" என்றார். ஏன் நின்றது என்று தெரியாமல் ஒருவன் எப்படி வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சோறு தின்ன முடியும் என்று கேட்டேன். சிரித்தார். "நீங்க பயந்த சுபாவம் சார்" என்றார்.

உண்மைதான். நான் பயந்தாங்கொள்ளி. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகும் சர்க்யூட் அட்டை மீது பக்கத்து சீட்டுக்காரர் சாய்ந்தால் எனக்கு வியர்த்துவிடும். சரிசெய்துவிட்டு வந்த மெஷின் மறுபடி நிற்குமோ என்று ஆபீஸ் போன் மணியடிக்கும்போதெல்லாம் திடுக்கிடுவேன். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டுதான் பிழைத்தேன், அதில் எனக்கு வெட்கமில்லை. கணேசனிடம் அன்று ஒரு கதை சொன்னேன். எழுதியும் வைக்கச் சொன்னார்.

எனக்கு ஊர் போலகம். அப்பாவுக்கு நெல் விவசாயம். நான் ரேடியோ மெக்கானிசம் படித்தேன், பிறகு டிவி பெட்டிகள் வந்தன, அவற்றைக் குடைந்தேன். எண்பதுகளின் நடுவில் புதுச்சேரியில் கம்ப்யூட்டர் விற்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். சென்னையில் சில மாதம் பயிற்சி கொடுத்தார்கள். திரும்பியதும், "உங்க ஊர் பக்கம்தானே, காரைக்காலை நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார்கள். காரைக்கால் முழுவதும் அப்போது எங்கள் மெஷின்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் புதுச்சேரியிலிருந்து உதவி வர ஒரு பொழுது ஆகும். நடுவில் தமிழ்நாடு கிடக்கிறது. நான் தனி ஆள்.

கடற்கரை ஊரில் கம்ப்யூட்டருக்கு முதல் எதிரி காற்று. திருமலைராயன்பட்டினத்தில் மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு பாயின் கடையில் மெஷின் அடிக்கடி செத்துப்போகும். மூடியைத் திறந்தால் அட்டைகளின் தங்கப் பல் எல்லாம் பாசி பூத்தது போல இருக்கும். பள்ளிப் பிள்ளைகள் பென்சிலை அழிக்கும் ரப்பரால் தேய்த்துத் தேய்த்து சுத்தம் செய்வேன். பாய் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே, "கடக்காத்து கதவுப் பூட்டையே தின்னுடுது தம்பி, இந்தத் தகரத்த விட்டு வெக்குமா?" என்பார். காரணம் கண்ணுக்குத் தெரிந்ததால் அந்த வேலையில் எனக்குப் பயமே வந்ததில்லை.

எங்கள் சர்வீஸ் பிரிவுக்குத் தலைவர் சரோஜா மேடம். புதுச்சேரியில் இருப்பார். அந்தக் காலத்தில் ஒரு பெண்மணி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சில வாடிக்கையாளர்கள், "என்ஜினீயர் இல்லீங்களா?" என்று கேட்பார்கள். "இருக்காரு, சொல்லுங்க" என்பார், முகம் மாறாமல். சத்தம் போடவே மாட்டார். காரைக்காலிலிருந்து டிரங்க் கால், அதாவது வெளியூர் போன், போட்டு நாம் பிரச்சினையைச் சொல்லி முடித்ததும் எதிர்முனையில் ஒன்றும் கேட்காது. லைன் அறுந்துபோய்விட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்று கத்துவோம். "இருக்கேன். நீங்க இன்னும் சொல்லி முடிக்கலையே" என்பார். யோசித்துப் பார்த்தால் ஏதோ ஒன்றை விட்டிருப்போம். "இருக்கலாம்" என்ற வார்த்தை அவருக்கு ஆகாது. "வோல்டேஜா இருக்கலாம் மேடம்" என்றால், "அளந்தீங்களா?" என்பார். அளக்கவில்லை என்றால் போனை வைத்துவிடுவார். டிரங்க் கால் காசு போனதுதான் மிச்சம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மாற்றியதும் பழையபடி வைத்துப் பார்த்து மறுபடி கெடுகிறதா என்று உறுதி செய்ய வேண்டும் என்பது அவர் கட்டளை. எரிச்சலாக இருக்கும். ஆனால் அவரை ஏமாற்ற முடியாது.

இனி கலாவின் விஷயத்துக்கு வருகிறேன்.

காரைக்காலில் ஓர் அரசு அலுவலகம். பிறப்புச் சான்று, இறப்புச் சான்று கொடுக்கும் இடம். அங்கே தமிழில் அச்சடிக்க வேண்டும் என்று மெஷினுக்குள் ஒரு தமிழ் அட்டையைச் சொருகிக் கொடுத்திருந்தோம். அட்டை மட்டும் இருந்தால் போதாது. அதற்கும் மெஷினுக்கும் நடுவில் துபாஷி மாதிரி ஒரு சின்ன புரோகிராம் வேண்டும். அதைத்தான் டிரைவர் என்போம். மெஷினைப் போட்டதும் அது நினைவகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு விசையைத் தட்டினால் தமிழ், மறுபடி தட்டினால் ஆங்கிலம்.

கலா அந்த மெஷினில் தட்டச்சு செய்யத் தினக்கூலிக்கு எடுக்கப்பட்ட பெண். அம்பகரத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். நன்றாக அடிப்பாள், வேகம். ஆனால் அவள் அடித்துக்கொண்டிருக்கும்போதுதான் மெஷின் அப்படியே உறைந்துபோகும். எந்த விசைக்கும் அசையாது. சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் உயிர் வரும். அதற்குள் அடித்தது எல்லாம் போய்விடும். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். பிள்ளைகளைச் சேர்க்கப் பிறப்புச் சான்று கேட்டு ஜனங்கள் வாசல் வரைக்கும் நிற்கிறார்கள்.

முதல் தடவை போனபோது அங்கிருந்த கண்காணிப்பாளர் தணிகாசலம், எல்லோரும் சூப்பிரண்டு என்பார்கள், என்னைத் தனியாக அழைத்தார். "தம்பி, மெஷின்ல ஒண்ணுமில்ல. அந்தப் பொண்ணு கை சரியில்ல. சிலருக்குச் செடி வெச்சா பட்டுப்போகும் பாருங்க, அது மாதிரி" என்றார். துண்டை விரித்து, எந்த ஓட்டையில் எந்த ஸ்குரூ இருந்ததோ அதே வரிசையில் கழற்றி வைத்தேன். உள்ளே அட்டைகளைப் பார்த்தேன். ஒவ்வொரு அட்டைக்கும் மெஷினின் மூளையைக் கூப்பிட ஒரு மணி உண்டு. அந்த மணி எது என்பதை அட்டையிலுள்ள இரண்டு கம்பிகளுக்கு மேல் ஒரு குட்டிக் குல்லாயைப் போட்டுத் தீர்மானிப்போம். அதற்கு ஜம்பர் என்று பெயர். தமிழ் அட்டையும், பிரிண்டருக்கான அட்டையும் ஒரே மணியை அடித்துக்கொண்டிருந்தன. ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து, டிரைவரை ஏற்றும் வரியிலும் அதற்கு ஏற்ப எண்ணை மாற்றினேன். சாயங்காலம் வரை கலா அடித்தாள், மெஷின் நிற்கவே இல்லை. எனக்கு ஒரே குஷி. மேடத்துக்குப் போன் போட்டு, "சரியாப் போச்சு மேடம்" என்றேன்.

"'இப்போதைக்கு ஓடுது'ன்னு சொல்லுங்க" என்றார்.

அந்த வாரமே நின்றது. மறுபடி போனேன். நினைவகச் சில்லுகளை ஒன்று மாற்றி ஒன்று போட்டுப் பார்த்தேன், ஸ்டெபிலைசரிலிருந்து வரும் மின்சாரத்தை அளந்தேன், எர்த் கம்பியைத் தோண்டிப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினேன். நான் இருக்கும்வரை மெஷின் சமர்த்துப் பிள்ளை. நான் போலகம் வந்து சேர்ந்து கால் கழுவுவதற்குள் அங்கே நின்றுவிடும். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்த அறைக்குள் நுழையும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். நிரந்தர வேலை எனக்கும் அப்போது கிடைத்திருக்கவில்லை.

அலுவலகத்தில் மற்றவர்கள் கலாவிடம் பேச்சைக் குறைத்துவிட்டார்கள். யாராவது கால்குலேட்டரை மேசையில் வைத்திருந்தால் அவள் வரும்போது எடுத்து இழுப்பறைக்குள் போடுவார்கள். விளையாட்டுப் போலத்தான் செய்வார்கள், சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஒரு நாள் நான் மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், நான் இல்லாம வேற யாராச்சும் அடிச்சா நல்லா ஓடுமா?"

"ஏங்க அப்படிக் கேக்குறீங்க?"

"சூப்பிரண்டு சார் புதுச்சேரிக்கு எழுதப் போறாங்களாம். என்ன நிறுத்திட்டு வேற ஆளு கேட்டு. இந்த வாரம் பாத்துட்டு அனுப்பிடுவேன்னுட்டாங்க." கொஞ்சம் தயங்கினாள். "வேல போனா வீட்டுல எங்க தாய்மாமாவுக்குக் கட்டி வெச்சிடுவாங்க சார். அவங்களுக்கு மொதத் தாரம் தவறிடுச்சு. ரெண்டு பிள்ளைங்க. நான் வேலைக்குப் போறேன், போறேன்னு சொல்லித்தான் இவ்வளவு நாளாத் தள்ளி வெச்சிருக்கேன்."

சரிசெய்துவிடுவேன் என்று சொல்ல வாய் வரவில்லை. திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு, "பாப்போங்க" என்று மட்டும் சொன்னேன். அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் தந்தி ஆபீசுக்குப் போய் மேடத்துக்கு டிரங்க் கால் போட்டேன். செய்ததெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு மேடம் கேள்வியை ஆரம்பித்தார்.

"அந்த மெஷின யார் யார் தொடுறாங்க?"

"அந்தப் பொண்ணு மட்டும்தான் மேடம். எல்லாரையும் கேட்டுட்டேன்."

"கேட்டீங்க. பாத்தீங்களா?"

பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

"இன்னிக்குப் பையை எடுத்துக்கிட்டுப் போகாதீங்க. ஸ்குரூ டிரைவர் வேண்டாம். சான்றிதழ் வாங்க வந்த ஆள் மாதிரி பெஞ்சுல போய் உக்காருங்க. நீங்க கழட்டி வெச்சிருந்தா அது எப்படிங்க கெடும்?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அப்படியே போய் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை அது. சூப்பிரண்டு என்னைப் பார்த்து, "என்ன தம்பி, கையை வீசிக்கிட்டு வந்திருக்கீங்க? நீங்களும் கை விட்டுட்டீங்களா?" என்றார். கடிதம் தயாராகிவிட்டது, சாயங்காலத் தபாலில் போகிறது என்றும் சொன்னார். பெஞ்சில் எனக்கு ஒரு பக்கம் கைப்பிள்ளையோடு ஒரு அம்மா, இன்னொரு பக்கம் வெற்றிலை மெல்லும் பெரியவர். மின்விசிறிக் காற்று அங்கே வராது. கலா இன்னும் பஸ்ஸில் வந்து சேரவில்லை.

அப்போது வெள்ளைச் சட்டையும் மடிப்பு கலையாத கால்சட்டையுமாக ஒரு முதியவர் உள்ளே வந்தார். எல்லோரும், "வாங்க முசியே" என்றார்கள். இவரை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நான் மெஷினைப் பிரித்துப் போட்டிருந்த நாட்களில் வாசல்வரை வந்து, கையைத் தூக்கி ஒரு வணக்கம் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். யாரோ சான்றிதழுக்கு வந்தவர் என்று நினைத்திருந்தேன். பெயர் அந்துவான், முசியே என்றால் பிரெஞ்சில் 'ஐயா'. பிரெஞ்சுக்காரன் காலத்தில் இதே அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய பிரெஞ்சுப் பதிவுகளைப் படிக்க ஆள் இல்லாததால் வாரத்தில் ஓரிரு நாள் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்கு அந்த மொழியிலேயே நகல் தேவைப்படும்.

முசியே நேராக மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தார். ஏதோ இரண்டு எழுத்து அடித்து, என்டர் தட்டினார். பிறகு அருமையாக அடிக்க ஆரம்பித்தார். நான் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தேன்.

முடித்ததும் மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தினார். விசைப்பலகையைக் கைக்குட்டையால் துடைத்தார். நாற்காலியை உள்ளே தள்ளினார். அதற்குள் வந்துவிட்ட கலாவைப் பார்த்து, "போன்ழூர் கலா, உன் மெஷின் பத்திரம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவு பாங்கான மனிதர்.

கலா உட்கார்ந்தாள். தமிழுக்கு மாற்றினாள், பெயர் அடித்தாள், தேதி அடிக்க ஆங்கிலத்துக்குத் திருப்பினாள். மெஷின் நின்றது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தாள்.

நான் எழுந்து ஓடினேன். பெஞ்சில் இருந்த பெரியவர் என்னவோ ஏதோவென்று காலை ஒதுக்கிக்கொண்டார்.

மெஷினை அணைத்துப் போட்டு, முசியே அடித்த இரண்டு எழுத்து எதை ஏற்றுகிறது என்று தேடிப் பார்த்தேன். விஷயம் இதுதான். முசியே வாழ்நாள் முழுக்கப் பிரெஞ்சு டைப்ரைட்டரில் அடித்தவர். அதில் எழுத்துகளின் இடமே வேறு. ஆங்கில விசைப்பலகையில் அவருக்குக் கை ஓடாது. யாரோ ஒரு புண்ணியவான் அவருக்காக, மெஷினை ஓட்டும் டாஸ் என்ற மூல புரோகிராமின் கூடவே வரும் பிரெஞ்சு விசைப்பலகை டிரைவரை ஏற்றிக் கொடுத்து, இரண்டு எழுத்து அடித்தால் அது வரும்படி செய்திருக்கிறார். மூன்று விசைகளை அழுத்தினால் பலகை ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் அந்த டிரைவர் நினைவகத்தை விட்டுப் போகாது. மாடிப்படிக்குக் கீழே படுத்திருக்கும் விருந்தாளி மாதிரி கிடக்கும். நம்முடைய தமிழ் டிரைவரோ காலையில் தான் வந்தபோது வீடு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போவேன் என்ற பிடிவாதக்காரன். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது, தனக்குப் பிறகு வந்து படுத்தவனின் பாயையும் சேர்த்துச் சுருட்டிவிடும். அத்தோடு விசைப்பலகைக்குப் போகும் வழியே அறுந்துவிடும். முசியே வராத நாளில் எதுவும் நடக்காது. நான் மெஷினைத் திறந்து வைத்திருந்தால் முசியே உட்கார மாட்டார்.

பக்கத்தில் இருந்த கிளார்க்கிடம், "யார் யார் தொடுறாங்கன்னு கேட்டேனே, ஏன் இவரைச் சொல்லல?" என்று கத்தினேன். அவர் விழித்தார். "முசியே ஸ்டாஃப் இல்லீங்களே?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முசியே அந்த அலுவலகத்தின் தூண் மாதிரி, தூணை யார் கணக்கில் சேர்ப்பார்கள்?

சூப்பிரண்டு இதெல்லாம் கேட்டுவிட்டு நம்பாமல் சிரித்தார். "தம்பி, அந்தப் பொண்ணுக்காகக் கத கட்டுறீங்க. முசியே கை பட்டா மெஷின் நிக்கலையே, இவ கை பட்டாத்தானே நிக்குது?"

எனக்குக் கோபம் வந்தது. பயந்தவனுக்குக் கோபம் வந்தால் அவனுக்கே அது யாருடைய குரல் என்று தெரியாது. "சார், நீங்க உக்காருங்க" என்றேன்.

"நானா? எனக்கு இதெல்லாம் தெரியாது."

"தெரிய வேண்டாம். நான் சொல்றத மட்டும் அமுக்குங்க."

ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. மெஷினை அணைத்துப் போட்டேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், நான் எதையும் தொட்டேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. முசியே அடிக்கும் இரண்டு எழுத்தை அவர் ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். மூன்று விசைகளை அழுத்தினார். தமிழுக்கு மாறச் சொன்னேன். "என்ன அடிக்கட்டும்?" என்றார். "உங்க பேரையே அடிங்க" என்றேன். தணிகாசலம் என்று திரையில் வந்தது. முகம் கொஞ்சம் மலர்ந்தது. "இப்ப இங்கிலீஷுக்குத் திருப்புங்க சார்."

திருப்பினார். மெஷின் உறைந்துபோனது. அவர் மறுபடி அழுத்தினார். இன்னொரு விசையை அழுத்தினார். எதுவும் அசையவில்லை. யாரும் சிரிக்கவில்லை. சூப்பிரண்டு விரலை விசையிலிருந்து எடுத்துத் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

மாற்ற வேண்டியிருந்தது இரண்டே வரிகள்தான். மெஷின் கிளம்பும்போது பிரெஞ்சு டிரைவர் முதலில் ஏறும்படியும், தமிழ் டிரைவர் அதற்குப் பின்னால் வரும்படியும் வரிசையைத் திருப்பி வைத்தேன். முசியேவுக்கு ஆள் அனுப்பி வரவழைத்து அடிக்கச் சொன்னேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் கண் கலங்கிவிட்டது. "நான் எல்லாத்தையும் இருந்தபடி வெச்சிட்டுத்தானே போனேன், மத்மசேல்" என்று கலாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு கலாவை உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை. சுவரோடு ஒட்டி நின்றாள். வேறு யாராவது அடிக்கட்டும் என்றாள். நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

சூப்பிரண்டுதான் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரும்மா. வெளியில ஜனம் நிக்குது" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. தபாலில் போகவிருந்த கடிதத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கலா உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். தமிழ், ஆங்கிலம், மறுபடி தமிழ். பிரிண்டர் கிரீச்சிட ஆரம்பித்தது. முதல் சான்றிதழ் கைப்பிள்ளைக்கார அம்மாவுக்குப் போயிற்று. மேடத்துக்குப் போன் போட்டு, "இப்போதைக்கு ஓடுது மேடம்" என்றேன். "ம்" என்றார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அம்பகரத்தூர் பஸ்ஸுக்குக் கலா நின்றிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"இன்னிக்கு மாமா வீட்டுலேருந்து தேதி குறிக்க வராங்க சார். வேல இருக்குன்னு தைரியமாச் சொல்லிடலாமா?"

"சொல்லிடுங்க. சூப்பிரண்டே நாளைக்குச் சீக்கிரம் வரச் சொல்லியிருக்காரே."

தலையாட்டினாள். பஸ் திரும்பி உள்ளே வந்துகொண்டிருந்தது. கூட்டம் முண்டியடித்தது. அவள் மட்டும் நகரவில்லை.

"அப்ப என் கை இல்லையா சார்?"

"இல்லங்க. உங்க கை இல்ல."

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.